சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851 – 1930): படித்த இலங்கையரின் முதற் பிரதிநிதி

மாணவர்களே, பிரித்தானியர் காலச் சட்டநிரூபண சபையைப் படிக்கும்போது உங்களுள் பலர் இரண்டு சகோதரர்களை மாறாட்டம் செய்து எழுதுகிறீர்கள். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் சேர் பொன். அருணாசலம், இவர் தம்பி. 1911ஆம் ஆண்டுத் தேர்தலிலே படித்த இலங்கையரின் பிரதிநிதியாகத் தெரிவானவர் சேர் பொன். இராமநாதன், இவர் தமையன். இதனை முதலில் மனதிற் பதித்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். குடும்பத்தின் வேர் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் செல்வாக்கு கொழும்பில் இருந்தது. தாய்வழிப் பாட்டனாராகிய குமாரசுவாமி முதலியார், கோல்புறூக் சீர்திருத்தத்தின்படி 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையிலே தமிழருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனத்தில் ஆரம்ப காலத்திலேயே அமர்ந்தவர். தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமியும் அதே ஆசனத்தில் நெடுங்காலம் இருந்தார். அக்காலத்துப் பிரதிநிதித்துவம் எவ்வாறு ஒரு சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

கொழும்பு அக்கடமியிலும் (பின்னாளில் றோயல் கல்லூரி), சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்ற இராமநாதன், சேர் றிச்சட் மோர்கனிடம் சட்டம் பயின்று சட்டத்தரணியானார். வழக்குத் தீர்ப்புகளைத் தொகுத்து அறிக்கைகளாக வெளியிட்டதால் சட்டத்துறையிற் பெயர் பெற்றார்.

1879ஆம் ஆண்டு மே மாதத்தில் முத்துக்குமாரசுவாமி காலமானார். தமிழர் ஆசனம் வெற்றிடமாயிற்று. அப்போது தேர்தல் என்ற முறையே கிடையாது. உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவரைத் தேசாதிபதியே நியமிப்பார். மக்கள் செய்யக்கூடியது கூட்டங் கூடி, இன்னாரை நியமிக்க வேண்டுமென விண்ணப்பம் அனுப்புவது மாத்திரமே. யாழ்ப்பாணத்தில் ஒரு சாரார் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்ற சட்டத்தரணியை ஆதரித்தனர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரோ 28 வயது இளைஞராகிய இராமநாதனுக்காகக் கூட்டங் கூட்டி முன்னின்று உழைத்தார். இராமநாதனே நியமனம் பெற்றார். அவ்வாண்டு டிசெம்பரிலே நாவலர் காலமானார்.

இவ்வாறு தொடங்கிய முதற் கட்டம் 1892 வரை நீடித்தது. அச்சபையின் அமைப்பை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். மொத்தம் 15 பேர். அவர்களுள் 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர். மீதி 6 பேரில் 3 பேர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வோர் ஆசனம். வாக்கெடுப்பு நடந்தால் அரசாங்கம் தோற்பதற்கு வழியே இல்லை. ஆகவே அங்கு ஓர் அங்கத்தவரின் பலம் அவருடைய பேச்சிலேயே தங்கியிருந்தது. இராமநாதனிடம் அது தாராளமாக இருந்தது. தமிழர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவர் தமிழர் விடயங்களை மாத்திரம் பேசவில்லை. பௌத்தர்களின் வெசாக் பூரணை தினம் 1885இல் பொது விடுமுறையாவதற்குச் சபையில் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஆனால் அதே 1885இல் அவர் பேசிய வேறொரு பேச்சு நீண்டகால மனக்கசப்பை உண்டாக்கியது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மாத்திரம் வேறுபட்டவர் என்பது அவர் கருத்து. இதனை 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே ஒரு கட்டுரையாகவும் வாசித்தார். சோனகருக்குச் சபையில் தனி ஆசனம் வழங்குவது பற்றிய பேச்சு எழுந்திருந்த நேரம் அது. எனவே தமக்குரிய ஆசனத்தைத் தடுக்கவே அவர் இவ்வாறு கூறுகிறார் என முஸ்லிம்கள் எண்ணியதில் வியப்பில்லை. எனினும் 1889இல் முஸ்லிம்களுக்கும் கண்டிச் சிங்களவருக்கும் ஒவ்வோர் ஆசனம் கிடைத்தது. பின்னர் 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் என்பார் இராமநாதனின் கட்டுரைக்கு விரிவான மறுப்பு எழுதினார். ஒரு சமூகம் தான் யார் என்பதை இன்னொரு சமூகத்தவர் தீர்மானித்துச் சொல்வதில் உள்ள ஆபத்தை இராமநாதன் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1892இல் அவர் சொலிசிற்றர் ஜெனரலாகப் பதவியேற்று 1906 வரை அரசாங்க சேவையில் இருந்தார். இக்காலத்தில் அவருடைய மனம் ஆன்மிகத்திலே அதிகம் ஈடுபட்டது. தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டார். சைவராகிய அவர் மத்தேயு, யோவான் ஆகிய இரு சுவிசேஷங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கவுரை எழுதினார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1905, 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா சென்று சொற்பொழிவாற்றினார். தந்தையார் கொழும்பு கொச்சிக்கடையில் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தைக் கருங்கல்லினாற் புதுப்பிக்கும் பணியையும் 1907இல் ஆரம்பித்தார்.

60 வயதாகிய நிலையில், ஓய்வு பெற்றிருந்த இவரை மீண்டும் அரசியலுக்கு இழுத்தது குறூ – மக்கலம் சீர்திருத்தம். 1910இல் அறிவிக்கப்பட்ட இச்சீர்திருத்தத்தின்படி சபையின் தொகை 21 ஆயிற்று. உத்தியோகத்தர் 11 பேர், உத்தியோகப்பற்றற்றோர் 10 பேர். அப்பத்துப் பேரில் 6 பேர் முன்போலவே நியமனம். எஞ்சிய 4 பேரே தேர்தல் மூலம் வருவோர். அந்நான்கிலும் ஐரோப்பியருக்கு 2, பறங்கியருக்கு 1, படித்த இலங்கையருக்கு 1. முழு நாட்டிலுமுள்ள சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் அனைவருக்குமாகத் தேர்தல் வழியே கிடைத்தது அந்த ஒரே ஓர் ஆசனந்தான்! அதற்கும் ஆங்கிலக் கல்வியும் சொத்து அல்லது வருமானமும் உள்ள ஆண்களே வாக்களிக்கலாம். இவர்களின் தொகை நாடு முழுவதிலும் சுமார் 3,000. இன்று ஒரு கிராம சேவையாளர் பிரிவிலேயே இதைவிடக் கூடுதலான வாக்காளர் இருப்பதுண்டு.

தேர்தல் 1911ஆம் ஆண்டு டிசெம்பரில் நடைபெற்றது. இராமநாதனை எதிர்த்துப் போட்டியிட்டவர் புகழ்பெற்ற வைத்தியரும் செல்வந்தருமான மாகஸ் பெர்னாண்டோ. வாக்காளரிற் சிங்களவரே பெரும்பான்மையினர். அப்படியிருந்தும் தமிழராகிய இராமநாதன் தெளிவான வெற்றி பெற்றார். இதனை இன ஒற்றுமைக்குச் சான்றாக எழுதுவது வழக்கம். அதில் உண்மை உண்டு; ஆனால் முழு உண்மை அன்று. மாகஸ் பெர்னாண்டோ கராவ சமூகத்தைச் சேர்ந்தவர். அச்சமூகத்தின் எழுச்சியை விரும்பாத கொவிகமச் சிங்களப் பிரமுகர்கள் பலர், வேளாளராகிய இராமநாதனுக்கு வாக்களித்தனர் என வரலாற்றாசிரியர் விளக்குவர். இனத்தைத் தாண்டிய அந்த வாக்கு சாதியைத் தாண்டவில்லை. விடை எழுதும்போது இரு காரணங்களையும் குறிப்பிடுங்கள்.

இராமநாதனின் வாழ்விலே மிகவும் பேசப்படும் காலம் இதற்குப் பின்னர் வருவது. 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே, வெசாக் காலத்தில், கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டு பல மாவட்டங்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் பலியாயின. அப்போது முதலாவது உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. கலவரத்தைத் தமது ஆட்சிக்கு எதிரான சதியெனக் கருதிய தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸ், ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். கலவரம் சில நாட்களில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஓகஸ்ட் இறுதி வரை நீடித்தது. சாதாரண நீதிமன்ற விசாரணையின்றி மக்கள் சுடப்பட்டனர். ஜூலை 7ஆந் திகதி ஹென்றி பேத்ரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். டீ.எஸ். சேனநாயக்க, எப்.ஆர். சேனநாயக்க, டீ.பீ. ஜயதிலக முதலிய தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். கலவரம் நிகழ்ந்த பகுதிகளிலிருந்த சிங்கள மக்களிடமிருந்து நட்டஈடு அறவிடுவதற்கும் சட்டம் கொண்டுவரப்பட்டது.

சிங்களத் தலைவர்கள் சிறையில். வெளியில் இருந்தோர் அச்சத்தில். அவ்வேளையில் சட்டநிரூபண சபையில் எழுந்து நின்று அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே குற்றஞ்சாட்டியவர் படித்த இலங்கையரின் பிரதிநிதி. கலவரம் அடங்கிய பின்னரும் இராணுவச் சட்டம் எதற்கு? விசாரணையின்றி மனிதரைச் சுடுவதற்கு எந்தச் சட்டத்தில் இடமுண்டு? இவையே அவர் கேட்ட கேள்விகளின் சாரம். சொலிசிற்றர் ஜெனரலாக இருந்தவர் ஆதலால் சட்ட நுணுக்கங்களோடு பேசினார். அதிகாரிகள் எளிதில் மறுக்க முடியவில்லை. அதோடு நில்லாது, நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயம் நிறைந்த யுத்தகாலக் கடலிலே பயணஞ்செய்து இங்கிலாந்து சென்று குடியேற்ற நாட்டு அமைச்சரிடம் முறையிட்டார். சபையில் ஆற்றிய உரைகள் 1916இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டு, சேர் ஜோன் அண்டர்சன் தேசாதிபதியாக வந்தார்.

தாயகம் திரும்பிய இராமநாதனைச் சிங்களத் தலைவர்கள் துறைமுகத்தில் வரவேற்று, வண்டியிற் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அவரை வீடு வரை இழுத்துச் சென்றனர் என்பது பிரசித்தமான செய்தி. ஆயினும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். கலவரத்திற் பொருளும் உயிரும் இழந்தவர்கள் முஸ்லிம்கள். இராமநாதன் பேசியது அரசாங்கத்தின் அடக்குமுறைக்கு எதிராக என்றாலும், தங்கள் துயரத்தை அவர் பெரிதாக எடுக்கவில்லை என்ற வருத்தம் முஸ்லிம்களிடம் இருந்தது. 1885ஆம் ஆண்டுப் பேச்சின் நினைவு அவ்வருத்தத்தை மேலும் வளர்த்தது.

அடுத்த தேர்தலிலும் படித்த இலங்கையரின் ஆசனம் அவருக்கே கிடைத்தது. 1919இல் தம்பி அருணாசலம் தேசிய காங்கிரசை அமைத்தபோது தமையன் அதில் முன்னின்று ஈடுபடவில்லை. கொழும்பில் தமிழருக்கு ஓர் ஆசனம் வழங்கப்படும் என்ற வாக்குறுதி நிறைவேறாமையால் அருணாசலமே சில ஆண்டுகளில் காங்கிரசை விட்டு விலகி, 1924 ஜனவரியில் மதுரையிற் காலமானார். மனிங் சீர்திருத்தங்களாற் பிரதேச வாரிப் பிரதிநிதித்துவம் வந்தது. இராமநாதன் 1921இல் நியமன அங்கத்தவராகவும், 1924இல் வட மாகாணத்தின் வட தொகுதிக்குத் தெரிவான அங்கத்தவராகவும் சபையில் இருந்தார். முழு நாட்டுக்குமான ஓர் ஆசனத்தில் இருந்தவர் இப்போது யாழ்ப்பாணத்துத் தொகுதி ஒன்றின் பிரதிநிதி. இந்த மாற்றத்திலேயே அக்காலத்து அரசியல் போன திசை தெரிகிறது.

கல்விப் பணியில் அவர் செலவிட்டது சொந்தப் பணம். சைவப் பெண்பிள்ளைகளுக்காக 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் திறந்தார். ஆண்பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலியில் 1921இல் ஆரம்பித்த பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்திலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் உருவானது.

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம். 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கி, கல்வி, சொத்து வேறுபாடின்றி வளர்ந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்குமாறு சிபாரிசு செய்தது. அன்று வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் சுமார் 4 சதவீதத்தினரே. இராமநாதன் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார். இனவாரி ஆசனங்கள் போனால் தமிழரின் பலம் குறையும் என்பது ஒரு காரணம். மற்றைய காரணம் நமக்கு உவப்பானதன்று. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சாதியினருக்கும் பெண்களுக்கும் வாக்களித்தால் இந்து சமூக ஒழுங்கு குலையும் என அவர் கருதினார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர் அப்பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றார்! விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களுக்காக வாதாடியவர், வயலில் உழைப்பவனுக்கு வாக்கு வேண்டாம் என்றார். இவற்றை மறைத்து எழுதுவதும் தவறு. இவற்றை மாத்திரம் எழுதி 1915ஐ மறப்பதும் தவறு.

1929 இறுதியிலே டொனமூர்த் திட்டம் சபையில் 19 வாக்குகளுக்கு 17 என்ற மிகச் சிறிய வித்தியாசத்தில் ஏற்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர்களுள் இராமநாதனும் ஒருவர். அதன் பின்னரும் ஓயாமல், 79ஆம் வயதை நெருங்கிய நிலையில் மீண்டும் இங்கிலாந்து சென்று குடியேற்ற நாட்டு அமைச்சிடம் முறையிட்டார். இம்முறை பயன் கிடைக்கவில்லை. 1930 நவம்பரிலே அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1931 ஜூனில், சர்வசன வாக்குரிமையின் கீழ் முதலாவது தேர்தல் நடைபெற்றது. வடக்கின் நான்கு தொகுதிகளில் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. இந்தப் பகிஷ்கரிப்பை நடத்தியது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். டொனமூர்த் திட்டம் முழுச் சுயாட்சி தரவில்லை என்பதே அதன் காரணம். இராமநாதன் எதிர்த்த காரணம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எனது வகுப்பில் இருக்கிறார்கள்.