தியான் சந்தை நமக்குக் காட்டிய எழுத்து

கூலாய், ஆக.29 – ஹாக்கி என்றதும் நம் பெரியவர்கள் சொல்லும் முதல் பெயர் தியான் சந்த். அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. பத்திரிகையில் படித்தும், படித்தவர் சொல்லக் கேட்டும் ரசிகர் ஆனவர்களே அதிகம்.

1905-ஆம் ஆண்டு இதே நாளில் அலகாபாத்தில் பிறந்தவர். 16 வயதில் ராணுவச் சிப்பாய். 1928, 1932, 1936 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம். பெர்லின் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8-1 என வீழ்த்தியது.

மட்டையை உடைத்துக் காந்தம் தேடினார்கள், ஹிட்லர் பதவி தர முன்வந்தார் என்றெல்லாம் விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் இன்றும் எழுதுகிறார்கள், ரசிகர்களும் விடுவதாயில்லை. ஆனால், சென்னை ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழ் 1952-இல் வெளியிட்ட அவரது சுயசரிதை ‘கோல்’ நூலில் ஹிட்லரின் அந்த அழைப்பு இல்லை. பெர்லினில் ஆணிக் காலணியைக் கழற்றிவிட்டு ஓடிய ஒரு சிப்பாய்தான் இருக்கிறார். எனக்கு இவரைத்தான் பிடிக்கிறது.

1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பாகிஸ்தானை வென்று இந்தியா உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது, வெற்றி கோலை அடித்தவர் இவர் மகன் அசோக் குமார். தந்தை 1979 டிசம்பர் 3-ஆம் தேதி டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில் காலமானார்.