தலையில் கம்பி பாய்ந்தால் ஏன் வேலூர்? டாக்டர் ஜேக்கப் சாண்டியின் கதை

நாட்றம்பள்ளி பக்கம் நெடுஞ்சாலையில் விபத்து, தலையில் பலத்த அடி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வேலூர்தான். ஆனால் 1949-க்கு முன்பு, மூளை, நரம்பு சிகிச்சைக்கென தனித் துறை இந்தியாவிலேயே கிடையாது. அதை மாற்றியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி.

யார் இவர்?

1910-ல் கேரளாவின் கோட்டயத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, பஹ்ரைனில் மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தார். பிறகு கனடாவின் மான்ட்ரியலில், வைல்டர் பென்ஃபீல்டிடம் மூளை அறுவை சிகிச்சை கற்றார்.

குண்டுக் காயம் சொன்ன பாடம்

முதல் உலகப் போரில் தலையில் குண்டு பாய்ந்து பிழைத்த வீரர்கள் பலருக்குப் பின்னாளில் வலிப்பு வந்தது. மூளையில் காயம் ஆறிய இடத்தில் இருந்த தழும்புதான் காரணம். அந்தத் தழும்பை அகற்றி வலிப்பைக் கட்டுப்படுத்தும் முறையை ஜெர்மனியின் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் கையாண்டார். அவரிடம் கற்றவர் பென்ஃபீல்ட். பென்ஃபீல்டிடம் கற்றதை வேலூருக்குக் கொண்டு வந்தவர் சாண்டி.

வேலூரில் என்ன செய்தார்?

1949-ல் சிஎம்சி-யில் இந்தியாவின் முதல் நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும் அவரோடு சேர்ந்தார். 1952-ல் வலிப்பு நோய்க்கு அங்கே அறுவை சிகிச்சை நடந்தது. 1958-ல் நரம்பு அறுவை சிகிச்சை பயிற்சிப் படிப்பும் வந்தது. 1964-ல் பத்ம பூஷண் பெற்றார். 2007-ல் காலமானார்.

ஆபரேஷன் முடிந்தால் போதுமா?

போதாது. கம்பியோ கத்தியோ மண்டையைத் துளைத்திருந்தால், அதை அங்கேயே பிடுங்கக் கூடாது. அசையாமல் வைத்து, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். பிடுங்கினால் ரத்தக்கசிவு அதிகமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிருமித் தொற்று, வலிப்பு இரண்டையும் கவனிக்கணும். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். நெற்றிப் பக்க மூளை பாதிக்கப்பட்டால் குணமே மாறலாம். 1848-ல் அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளி ஃபினியாஸ் கேஜின் தலையை இரும்புத் தடி துளைத்துப் போனது. பிழைத்தார், ஆனால் பழைய ஆளாக இல்லை என்றார்கள் நண்பர்கள்.

சட்டென வரும் கோபம், எதிலும் ஆர்வமின்மை, மனச்சோர்வு எல்லாம் வீட்டில் திமிராகவோ சோம்பலாகவோ தெரியலாம். உண்மையில் அது காயத்தின் தொடர்ச்சியாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம். வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையம், குடும்பத்தினரும் நோயாளியோடு தங்கி சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை 1950-களிலேயே கொண்டு வந்தது.