அலைகளில் ஒழுங்கைத் தேடியவர்

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில், கொலம்பியா என்னும் ஊரில், 1894ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் நார்பர்ட் வீனர் பிறந்தார். இவருடைய தந்தை லியோ வீனர் உருசியப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். பல மொழிகள் அறிந்த அறிஞர். அவரே மகனுக்கு முதல் ஆசிரியராக விளங்கினார்.

இளமையிலேயே வீனருக்குக் கண்பார்வை மங்கியது. எட்டு வயதில், ஆறு மாத காலம் எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் தடை விதித்தார். ஆயினும் கல்வி நிற்கவில்லை. பிறர் படிக்கக் கேட்டுப் பாடங்களைக் கற்றார். கணக்குகளை மனத்திலேயே செய்து பழகினார். 14 வயதில் பட்டமும், 18 வயதில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1919 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதம் கற்பித்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது, பறக்கும் விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்பதை அதன் முந்தைய பாதையைக் கொண்டு கணிக்கும் வழியை ஆராய்ந்தார். பிழைகள் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மையான செய்தியைப் பிரித்தெடுக்கப் புள்ளியியல் அவருக்குத் துணைசெய்தது. போர் முடிந்தபின், ஏவுகணை ஆய்வுக்காக அவ்வறிக்கையை ஒருவர் கேட்டபோது வீனர் தர மறுத்தார். தம் அறிவு மக்களை அழிக்கப் பயன்படலாகாது என்னும் கருத்தை 1947இல் வெளிப்படையாகவே எழுதினார்.

அவர் கருத்தை ஈர்த்த மற்றொரு துறை மூளை ஆய்வு. மனித மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவுசெய்த செய்தியை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டிருந்தார். ஆனால் அந்தப் பதிவுகளில் ஒழுங்கற்ற அசைவுகளும் கலந்திருந்தன. திருவிழா இரைச்சலுக்கு நடுவே பறை முழங்கினால், சிறிது நேரம் உற்றுக் கேட்ட பின்னர் அதன் தாளம் புலப்படும் அன்றோ? இரைச்சல் மாறிக்கொண்டே இருக்கும். தாளமோ மீண்டும் மீண்டும் வரும். இவ்வுண்மையே வீனர் கையாண்ட முறைக்கு அடிப்படை. ஓர் அலைப்பதிவைச் சற்றே நகர்த்தி, அதனோடே ஒப்பிட வேண்டும். தற்செயலான அசைவுகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். திரும்பத் திரும்ப வரும் அலை எஞ்சி நிற்கும். இம்முறையால், கண்மூடி ஓய்ந்திருப்பவரின் மூளையில் நொடிக்குச் சுமார் 10 முறை எழும் அலை தெளிவாகத் தெரிந்தது.

1955–56இல் வீனர் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்து கற்பித்தார். 1948இல் தாம் வெளியிட்ட 'சைபர்னெடிக்ஸ்' நூலின் 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் மூளை அலைகளைப் பற்றி ஓர் இயலைச் சேர்த்தார். 1964 மார்ச் 18 அன்று ஸ்டாக்ஹோம் நகரில் மறைந்தார்.

வலிப்பு நோயை அறிய இன்று மருத்துவர்கள் மூளை அலைகளைப் பதிவு செய்கின்றனர். அப்பதிவுகளை ஆராயும் கணக்கீட்டு முறைகளில் வீனரின் உழைப்பும் கலந்துள்ளது. போர்க்காலத்தில் வளர்ந்த அறிவை அவர் உயிர்காக்கும் துறையின்பால் திருப்பினார்.

சொற்பொருள்
புலப்படும் – தெரியவரும்
எஞ்சி – மீதமாகி
இயல் – நூலின் ஒரு பகுதி

வினாக்கள்
1. படிக்கத் தடை இருந்த காலத்தில் வீனர் எவ்வாறு கற்றார்?
2. பறையின் தாளம் எதற்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளது?
3. அறிக்கையைத் தர வீனர் மறுத்தது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.