செலவைக் கணக்கிட்ட மருத்துவர்

மருத்துவமனை நடத்துவோரை நாள்தோறும் வாட்டும் கேள்வி ஒன்று உண்டு. கையிலிருக்கும் பணமோ கொஞ்சம். வாசலில் காத்திருக்கும் நோயாளிகளோ ஏராளம். கட்டிலுக்குச் செலவிடுவதா, கருவிக்கா, செவிலியருக்கா? இரக்கம் மட்டும் இதற்கு விடை தராது. கணக்கு மட்டும் பார்த்தாலும் விடை கிடைக்காது. இரண்டையும் இணைத்த ஒருவரின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

நமது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியிலிருந்து மேற்கே வேலூர் செல்லும் வழியில் இராணிப்பேட்டை இருக்கிறது. அங்கே 1870 டிசம்பர் 9 அன்று அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். இளம் வயதில், பேறுகால வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்காக ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் உதவி கேட்டு வந்தார்கள். ஆனால் ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அழைக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். மூவருமே இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவராக்கியது.

அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 10,000 டாலர் நன்கொடையோடு 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை எழுந்தது. கூட்டம் பெருகியது. இன்னும் கட்டில்கள் போடுவதே எளிய வழி. ஆனால் ஒரு கட்டில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தாங்கும். பயிற்சி பெற்ற ஒரு செவிலியரோ வாழ்நாளெல்லாம் ஆயிரம் பேரைத் தாங்குவார். ஐடா 1909-இல் செவிலியர் பயிற்சியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். நகருக்கு வர இயலாத கிராமத்து ஏழைகளைத் தேடி, மாட்டு வண்டியிலும் பின்பு காரிலும் சென்று, குடியாத்தம் சாலையின் மரத்தடிகளில் மருத்துவம் பார்த்தார். ஏழைகளுக்கு உழைப்பவருக்குக் கார் எதற்கு என்று தோன்றலாம். அது ஒரே நாளில் எத்தனை ஊர்களை எட்டியது என்று பார்த்தால் செலவின் பொருள் விளங்கும்.

கடினமான முடிவு முதுமையில் வந்தது. 1930-களின் இறுதியில், பழைய சான்றிதழ்ப் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பே வேண்டும் என்றது மதராஸ் மாகாண அரசு. பேராசிரியர்கள், ஆய்வகங்கள், படுக்கைகள் என எல்லாவற்றுக்கும் பெரும்பணம் தேவைப்பட்டது. எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால் மற்றத் திருச்சபைகளின் உதவியும் கிடைக்கும் என்ற நிலை. பெண்களுக்காகவே வாழ்ந்தவருக்கு இது எளிதன்று. நெடுநாள் துணைநின்ற லூசி பீபாடி அம்மையார் கடுமையாக எதிர்த்தார். எனினும் பள்ளி மூடப்பட்டால் பெண்களுக்கும் இழப்பே என்பதை ஐடா உணர்ந்து இசைந்தார். 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். இன்றைய வேலூர் சி.எம்.சி. அப்படித்தான் நிலைத்தது. 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா மறைந்தார்.

அன்பார்ந்தவர்களே, நமது பகுதியின் தொழிற்சாலைகளை நம்பி ஊர்விட்டு வந்திருக்கும் தொழிலாளர்கள் பலர். அவர்களுக்காகச் சிறு மருந்தகம் நடத்துவோரும் இந்தக் கணக்கைத் தவிர்க்க முடியாது. கணக்கின்றிக் கொடுத்தால் ஒருநாள் கதவு மூடப்படும். அப்போது முதலில் வெளியே நிற்பவர் ஏழையே. கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்கிடும் மனிதரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை மருத்துவமனைக்கும் பொருந்தும். நாம் செலவிடும் அடுத்த ரூபாய் யாரைச் சென்றடையும் என்று கேட்போம். அதன்பின் முடிவெடுப்போம்.