ஓவியங்களை ஆடவைத்த எமில் ரேனோ

நமது காலனிச் சிறுவர்கள் கார்ட்டூன் படம் என்றால் ஊண் உறக்கம் மறந்துவிடுகின்றனர். வால்ட் டிஸ்னியின் பெயரை அவர்களுள் அறியாதார் இலர். ஆயின் டிஸ்னி பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே பாரிஸ் நகரில் ஓவியங்களைத் திரையில் ஆடவைத்த எமில் ரேனோவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ரேனோ 1844ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் பிறந்தார். தந்தை இயந்திர நுட்பம் அறிந்தவர்; தாய் ஓவியம் பயின்றவர். இருவர் திறனும் மகனிடம் ஒன்றுகூடின. 1877இல் பிராக்ஸினோஸ்கோப் என்னும் விளையாட்டுக் கருவியைச் செய்தார். சுழலும் உருளையின் உட்புறம் 12 சித்திரங்கள், நடுவே கண்ணாடிகள். உருளை சுழன்றால் கண்ணாடியில் தோன்றும் உருவம் துள்ளும், குதிக்கும்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. 1892 அக்டோபர் 28ஆம் நாள், பாரிஸிலுள்ள கிரேவன் காட்சிச்சாலையில் தமது ஒளியரங்கைத் தொடங்கினார். ஒரு கதைக்கு 700 சித்திரங்கள் வரையில் தம் கையாலேயே தீட்டி, நீண்ட பட்டையாக இணைத்தார். பட்டையில் துளைகளும் இட்டிருந்தார். திரைக்குப் பின்னே நின்று இரு கைகளாலும் சுருள்களைச் சுழற்றுவார். முன்னும் பின்னுமாக ஓட்டிக் காட்சியை நீட்டுவார். ஆதலின் அச்சிறு பட்டை கால் மணி நேரம் ஓடியது. நாளெல்லாம் பேரேடு எழுதிக் கை கடுத்த நம்போன்றோர்க்கு அவ்வுழைப்பின் அருமை விளங்கும். 1900ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ 12,800 காட்சிகள் நிகழ்ந்தன. கண்டோர் ஐந்து இலட்சம் பேர்.

இடையே 1895 டிசம்பர் 28ஆம் நாள், அதே நகரில் லூமியேர் சகோதரர்கள் தம் சலனப்படத்தைக் கட்டணம் பெற்றுக் காட்டினர். அப்படங்களை எளிதில் பிரதி எடுக்கலாம், எவ்வூருக்கும் அனுப்பலாம். ரேனோவின் பட்டைக்கோ பிரதி இல்லை. அதனை ஓட்டவும் அவரே வேண்டும். லூமியேர் சகோதரர்களை நாம் குறைகூற மாட்டோம். கைத்தொழில் இயந்திரத்திடம் தோற்றது, அவ்வளவே.

மக்கள் மறந்தனர். வறுமையும் மனக்கசப்பும் முற்றியபோது அவர் தம் கருவியை உடைத்தார். பட்டைகளில் பெரும்பாலானவற்றை சேன் நதியில் எறிந்தார். பிறர் அழித்திருந்தால் நாம் சினம் கொள்ளலாம். ஆக்கிய கைகளே அழித்ததை என்னென்பது! 1918 ஜனவரி 9ஆம் நாள் அவர் மறைந்தார்.

நதியில் போகாமல் எஞ்சியவை இரண்டே பட்டைகள். அவர் அரங்கு திறந்த அக்டோபர் 28ஆம் நாளே 2002 முதல் உலக அனிமேஷன் தினமாகக் கொண்டாடப்பெறுகிறது.