ஆயிரத்துக்கு ஐந்து ரன் குறைவு

துலீப் டிராபி என்ற பெயரைப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தத் துலீப் யார் என்று நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பது சந்தேகமே.

குமார் ஸ்ரீ துலீப்சிங்ஜி 1905-ல் கத்தியவாரில், நவாநகர் அரச குடும்பத்தில் பிறந்தவர். ரஞ்சி டிராபிக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜியின் சகோதரர் மகன். இங்கிலாந்தில் செல்டன்ஹாம் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, சஸெக்ஸ் கவுண்டி அணிக்கு ஆடினார். 1927-ல் நிமோனியா கண்டு அந்த சீசனின் பெரும்பகுதியை இழந்தார். சுவிட்சர்லாந்தில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடியும் மட்டையைக் கையில் எடுத்தார்.

1929-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் முதல் டெஸ்ட். ஒரே ஆட்டத்தோடு அந்தத் தொடரில் கழற்றிவிட்டார்கள். அவர் நிறத்தைத் தென்னாப்பிரிக்கர்கள் ஆட்சேபித்ததே காரணம் என்று அப்போதே பேச்சு இருந்தது. துலீப் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. 1930-ல் நார்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக ஹோவ் மைதானத்தில் ஒரே நாளில் 333 ரன் குவித்தார். சஸெக்ஸின் அந்த சாதனை 73 ஆண்டுகள் நின்றது. அதே கோடையில் லார்ட்ஸில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலேயே 173 அடித்தார்.

1932-ல் சஸெக்ஸ் கேப்டன் ஆனார். அணி சாம்பியன் பட்டத்துக்கு யார்க்ஷயரோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது. உடம்பு சரியில்லாமலேயே ஆடிக்கொண்டிருந்தவரை ஆகஸ்டில் நுரையீரல் நோய் முழுவதுமாகச் சாய்த்துவிட்டது. சஸெக்ஸ் இரண்டாம் இடத்தில் முடித்தது. ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தேர்வாகியும் அவரால் கப்பல் ஏற முடியவில்லை. பிறகு முதல்தர கிரிக்கெட் ஆடவே இல்லை. அப்போது வயது 27. 12 டெஸ்ட், 3 சதம், 995 ரன், சராசரி 58.52.

27 வயதில் தெரிந்த தொழில் கைவிட்டுப் போனால் யாருக்கும் மனசு உடைந்துவிடும். துலீப் ஒடுங்கிவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பின், ஒரு காலத்தில் அவர் விளையாடப் போக முடியாமல்போன அதே ஆஸ்திரேலியாவில் இந்தியாவின் ஹைகமிஷனராக இருந்தார். ஊர் திரும்பி அகில இந்திய விளையாட்டுக் கவுன்சிலின் தலைவரானார். 1959 டிசம்பரில் பம்பாயில் மாரடைப்பால் காலமானார். 1961-62 சீசனில் மண்டலங்களுக்கிடையேயான போட்டி அவர் பெயரில் தொடங்கியது.

அடுத்த முறை துலீப் டிராபி ஸ்கோர் பார்க்கும்போது, பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.