தோல்வியே காணாத டாக்டர்

பூப்பந்து என்றதும் நமக்கு டத்தோ லீ சோங் வெய் ஞாபகம் வரும். கொஞ்சம் மூத்தவர்களைக் கேட்டால் வோங் பெங் சூன், எடி சூங் என்பார்கள். ஆனால், அந்த வோங் பெங் சூனையே வென்ற ஓர் அமெரிக்கர் இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் டேவிட் ஃப்ரீமேன்.

1920-இல் பிறந்த ஃப்ரீமேன், கலிபோர்னியாவின் பசடேனா நகரில் வளர்ந்தவர். 1939-இல், 18 வயதில், வால்டர் கிரேமரை வீழ்த்தி அமெரிக்க ஒற்றையர் வெற்றியாளர் ஆனார். கிரேமர் சாதாரண ஆள் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் பட்டத்தைத் தன் கையில் வைத்திருந்தவர். அதன்பின் 1942 வரை ஃப்ரீமேனை யாராலும் அசைக்க முடியவில்லை. போர் காரணமாகத் தேசியப் போட்டி நின்றுபோனது. மீண்டும் தொடங்கியதும் 1947, 1948 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவரே வென்றார்.

அவரிடம் பயங்கரமான 'ஸ்மேஷ்' எல்லாம் கிடையாது. எதிராளி எங்கே அடித்தாலும் ஓடிப்போய் எடுப்பார். தன் பக்கம் தவறு வராமல் பார்த்துக்கொள்வார். பொறுமைதான் அவருடைய ஆயுதம்.

அந்தக் காலத்தில் பூப்பந்து ஆடினால் பரிசுப் பணம் கிடையாது. அதனால் ஆடிக்கொண்டே படித்தார். ஹார்வர்டில் மருத்துவம் முடித்தார்.

1949-இல் முதல் தாமஸ் கிண்ணப் போட்டி நடந்தது. கிளாஸ்கோவில் மலாயாவும் அமெரிக்காவும் மோதின. ஃப்ரீமேன் தம் இரு ஒற்றையர் ஆட்டங்களிலும் வோங் பெங் சூனையும் பினாங்கைச் சேர்ந்த ஊய் தெய்க் ஹோக்கையும் தோற்கடித்தார். ஆனால், முடிவு என்ன தெரியுமா? மலாயா 6-3 என வென்றது! ஒருவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும், ஒன்பது ஆட்டங்களையும் தனியாளாக ஆட முடியாதே. பிறகு டென்மார்க்கை 8-1 என வென்று கிண்ணத்தையும் மலாயாவே தட்டிச் சென்றது.

அதே ஆண்டு ஆல் இங்கிலாந்து இறுதியாட்டத்தில் ஃப்ரீமேன் மீண்டும் ஊய் தெய்க் ஹோக்கைச் சந்தித்து, 15-1, 15-6 என வென்றார். ஊய் தெய்க் ஹோக் சோர்ந்துவிடவில்லை. தியோ செங் கூனுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். வோங் பெங் சூனும் அடுத்த ஆண்டே ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தைக் கைப்பற்றினார்.

பத்து ஆண்டுகளாக ஒற்றையரில் தோல்வியே இல்லை, வயது 28. இன்னும் பல பட்டங்கள் வென்றிருக்கலாம். ஆனால், ஃப்ரீமேன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார். நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணராக சான் டியாகோவில் பணியாற்றினார். 1953-இல் ஒருமுறை திரும்பி வந்து, ஏழாவது தடவையாக அமெரிக்க ஒற்றையர் பட்டத்தை வென்று காட்டினார். 2001-இல் காலமானார்.

தம்பி தங்கைகளே, 'படிப்பா, விளையாட்டா?' என்று வீட்டில் சண்டை நடக்கிறதா? ஃப்ரீமேன் இரண்டையுமே முழு மனதோடு செய்தவர். கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்பது நம் கீதை காட்டும் வழி. கைதட்டல் உச்சத்தில் இருந்தபோதே அதை விட்டுவிட்டு, அடுத்த கடமைக்கு நடந்தவர் அவர். ஜெயிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எப்போது நகர வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.